விண்டோஸில் வலைத்தள வேலை: சாம்ப், நேரடி நோட், டபிள்யூ.எஸ்.எல்., டாக்கர் – யாருக்கு எது?

"அண்ணே, சாம்ப் போதுமா, இல்ல டாக்கர் கத்துக்கணுமா?"

கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமை காலை சில பிள்ளைகளுக்கு வலைத்தளம் கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். சாம்பும் டாக்கரும், கட்டுகிற தளத்தை நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள்கள். போன மாதம் வந்த பாலிடெக்னிக் மாணவி கேள்வியோடு மடிக்கணினியையும் தூக்கி வந்தாள். 8 ஜி.பி. ரேம். அதில் சாம்ப் இருந்தது, அதைப் போன்ற வாம்ப் இருந்தது, ஜாவாஸ்கிரிப்டை பிரௌசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜே.எஸ். இரண்டு இடங்களில் இருந்தது. கணினியைத் திறந்தால் டாக்கர் டெஸ்க்டாப் தானாக எழுந்து கொண்டது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீடியோவைப் பார்த்துப் போட்டது. இறுதிப் பருவத்துக்கான தன் திட்டத்தைத் திறக்க முதலில் எதை ஓட விடுவது என்று அவளுக்கே தெரியவில்லை. "எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு போட்டுக் கொடுங்கண்ணே" என்றாள்.

அந்த ஒன்று எது என்று சொல்ல, அவளிடம் சில கேள்விகள் கேட்டேன். அதே கேள்விகளை நீங்களும் உங்களிடம் கேட்டுப் பாருங்கள்.

## தேர்வு செய்யுமுன்

நீங்கள் எழுதுவது கடைசியில் எந்தக் கணினியில் ஓடப் போகிறது? இதற்கு விடை தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். கடைகளுக்கும் கோயில்களுக்கும் ஆண்டுக் கட்டணம் கட்டி வாங்கும் வலைத்தள இடம் பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வரில், சி-பேனல் என்ற நிர்வாகப் பக்கத்தோடு வருவது. பி.எச்.பி. மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் அங்கே தயாராக இருக்கும். நோட், பைத்தான் ஆட்கள் வாடகைக்கு எடுக்கும் சர்வரும் பெரும்பாலும் லினக்ஸ்தான். எழுதுவது விண்டோஸில், ஓடுவது லினக்ஸில். பிறகு வரும் தொல்லைகளில் பல, இந்த இடைவெளியிலிருந்துதான் கிளம்புகின்றன.

அடுத்தது ரேம். 8 ஜி.பி. இருந்தால் ஒரு வழி, 16 ஜி.பி. இருந்தால் வேறு வழி. வட்டில் எவ்வளவு இடம் மீதி என்பதையும் பாருங்கள். அப்புறம், தனியாக வேலை செய்கிறீர்களா, குழுவோடா? வீட்டில் ஃபைபர் இணையமா, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டா?

கடைசியாக ஒன்று. இதை யாரும் கேட்பதில்லை: ஒரு நாள் கெட்டுப்போனால் எதை இழப்பீர்கள்? கீழே ஒவ்வொரு வழிக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறேன்.

## சாம்ப், லாரகான்: ஒரே மூட்டையில் எல்லாம்

சாம்ப் 2002 முதல் இருக்கிறது. பக்கங்களை வழங்கும் அப்பாச்சி, தரவுத்தளமான மரியா டி.பி., பி.எச்.பி., பெர்ல் மொழிகள் என நான்கும் ஒரே நிறுவலில் வந்துவிடும். திரையில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடுவது மரியா டி.பி.தான். 2015இலேயே மாற்றிவிட்டார்கள். பச்சை விளக்கு இரண்டு எரிந்தால், எச்.டி.டாக்ஸ் கோப்புறையில் ஒரு பக்கத்தைப் போட்டு பிரௌசரில் பார்த்துவிடலாம். முதல் நாளே பக்கம் தெரிகிற மகிழ்ச்சியை இதுபோல் வேறெதுவும் தருவதில்லை. ரேமும் அதிகம் கேட்காது.

வேர்ட்பிரஸ் கற்பவருக்கும், சி-பேனல் இடத்தில் தளம் ஏற்றப் போகிறவருக்கும் இது போதும். இதைப் பழையது என்று சொல்லித் தள்ளிவிடும் போக்கு எனக்குப் பிடிப்பதில்லை. மாதம் இரண்டு சிறு தளம் கட்டிப் பிழைக்கிற எத்தனையோ பேருக்குச் சோறு போடுவது இதுதான்.

செலவுகள் உண்டு. அப்பாச்சி கேட்பது 80ஆம் வாசல் (போர்ட்). விண்டோஸின் சொந்த வலைச் சர்வரான ஐ.ஐ.எஸ். அல்லது இன்னொரு வாம்ப் அந்த வாசலில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் சாம்ப் எழாது. அந்தப் பெண்ணின் கணினியில் நடந்தது அதுதான். தரவுத்தளத்தின் ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் வரும் என்பதால், உங்கள் மேசையைத் தாண்டி யாருக்கும் இதைத் திறந்து விடக் கூடாது. பி.எச்.பி. ஒரே பதிப்புதான். ஒரு வாடிக்கையாளர் பழைய பதிப்பிலும் இன்னொருவர் புதிய பதிப்பிலும் இருந்தால் திண்டாட்டம்.

பெரிய இழப்பு மின்சாரத்தில் வருகிறது. கோலாலம்பூரில் சாயங்கால இடி மழையை நம்ப முடியாது. டிரிப் ஆகி மேசைக் கணினி பட்டென்று அணைந்தால், மறுநாள் சாம்பில் "மைஎஸ்கியூஎல் எதிர்பாராமல் நின்றுவிட்டது" என்ற சிவப்பு வரி காத்திருக்கும். பதறி சாம்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள், தரவும் சேர்ந்து போய்விடும். நீக்காதீர்கள். மைஎஸ்கியூஎல் கோப்புறைக்குள் இருக்கும் டேட்டா கோப்புறையை முதலில் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு அப்புறம் பழுது பாருங்கள். அதைவிட நல்லது, வாரம் ஒரு முறை, தரவுத்தளத்தைக் கையாளும் பக்கமான பி.எச்.பி.மைஅட்மினில் ஏற்றுமதி செய்து பென்டிரைவில் போட்டு வைப்பது.

லாரகான் இதே வேலையை இன்னும் அழகாகச் செய்கிறது. பி.எச்.பி. பதிப்புகளை மாற்றி மாற்றி ஓட்டலாம், ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி முகவரி தானாக வரும். 6ஆம் பதிப்பு வரை இலவசம், 7இலிருந்து உரிமம் கேட்கிறது. பணம் கட்ட மனமிருந்தால் தாராளமாகப் போகலாம்.

## விண்டோஸிலேயே நேரடியாக நோட், கிட், வி.எஸ். கோட்

ரியாக்ட், வியூ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளைக் கற்பவர்கள் எடுக்கும் வழி. நோட் ஜே.எஸ்., கோப்பு மாற்றங்களைப் பதிந்து வெளியே அனுப்பும் கிட், நிரல் எழுதும் வி.எஸ். கோட் மூன்றும் போட்டால் தொடங்கிவிடலாம். நோட்டை நேரடியாகப் போடாமல் என்.வி.எம். விண்டோஸ் போன்ற பதிப்பு மாற்றியின் வழியே போடுங்கள். இரட்டை எண் பதிப்புகளே நீண்ட கால ஆதரவு உள்ளவை.

முதல் நாளிலேயே ஒரு தடங்கல் வரும். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில், நோட்டின் பொதிகளை நிறுவ என்.பி.எம். என்று தட்டினால் "இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை" என்று சிவப்பில் கத்தும். உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் செயலாக்கக் கொள்கையை ரிமோட்சைன்ட் என்று மாற்றினால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் இதிலேயே மனம் உடைந்து போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு வேகம். புது விண்டோஸ் மடிக்கணினியில் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் பல நேரம் ஒன்டிரைவோடு இணைந்தே வருகின்றன. திட்டத்தை டெஸ்க்டாப்பில் வைத்தால், பொதிகள் வந்து இறங்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையின் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஒன்டிரைவ் மேலே ஏற்றத் தொடங்கும். கூடவே விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். கணினி மூச்சுத் திணறும். சி டிரைவில் நேராக ஒரு கோப்புறை வைத்து அதில் வேலை செய்யுங்கள். விண்டோஸ் 11இல் டெவ் டிரைவ் என்று ஒரு வசதியும் இருக்கிறது. குறைந்தது 50 ஜி.பி. ஒதுக்க வேண்டும், டிஃபெண்டர் அங்கே வேலையைத் தடுக்காமல் பின்னால் பார்த்துக்கொள்ளும்.

இனி, எனக்கு நடந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பூக்கடைக்குத் தளம் ஏற்றினேன். என் கணினியில் எல்லாப் படமும் பளிச்சென்று இருந்தது. ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கடைக்கார அக்கா கூப்பிட்டார். "தம்பி, கதம்பம் தெரியுது, ஜாதி மல்லி தெரியுது, மாலை ஒண்ணையும் காணோமே?" மாலைப் படங்களின் கோப்புப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது. நான் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. சரி என்று எக்ஸ்புளோரரில் பெயரை மாற்றி கிட்டில் அனுப்பப் போனால், "மாற்றம் எதுவும் இல்லை" என்றது. விண்டோஸில் கிட்டும் இயல்பாகப் பெரிய சின்ன எழுத்தைப் பொருட்படுத்தாது. பெயரை கிட்டின் மூவ் கட்டளையால் மாற்றிய பிறகே போய்ச் சேர்ந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு அக்கா, "வந்திருச்சு தம்பி" என்று செய்தி அனுப்பினார். அன்றிலிருந்து கோப்புப் பெயர் எல்லாமே சின்ன எழுத்தில் என்பது என் பிள்ளைகளுக்கு முதல் பாடம்.

வரி முடிவுக் குறியும் இதே குடும்பத்துப் பிரச்சினை. விண்டோஸ் வரி முடிவில் இரண்டு குறி வைக்கிறது, லினக்ஸ் ஒன்று. விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் சர்வரில் புரியாத பிழை சொல்லி நின்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அலுவலகத்தில் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதி விண்டோஸ் சர்வரிலேயே ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லைகள் அவ்வளவு இல்லை. அவர்களுக்கு இந்த வழிதான் சரி, வேறெதையும் தேட வேண்டாம்.

## டபிள்யூ.எஸ்.எல்.: விண்டோஸுக்குள் ஒரு லினக்ஸ்

2016இல் வந்த முதல் பதிப்பு லினக்ஸ் கட்டளைகளை மொழிபெயர்த்துத்தான் ஓட்டியது. 2019இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் லினக்ஸின் மையப் பகுதியான உண்மையான கெர்னலே ஒரு சின்ன மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பு போதும், புரோ வாங்க வேண்டியதில்லை. பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து இன்ஸ்டால் கட்டளை ஒன்றை இட்டால் உபுண்டு என்ற லினக்ஸ் வந்துவிடும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சி.பி.யு. பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் எனேபிள்ட் என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள். இல்லையென்றால் கணினி எழும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் போய்த் திறக்க வேண்டும்.

லினக்ஸ் சர்வருக்கு எழுதுபவருக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும். சர்வரில் தட்டப் போகும் அதே கட்டளைகளை இங்கேயே தட்டிப் பழகலாம். வி.எஸ். கோட் விண்டோஸில் திறந்தபடியே, உள்ளே லினக்ஸில் வேலை செய்யும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதைத் தவறவிட்டால் இந்த வழி வீண். திட்டக் கோப்புகள் லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறையில் இருக்க வேண்டும். ஒரு தம்பி உபுண்டுவைப் போட்டுவிட்டு, திட்டத்தைப் பழைய இடத்திலேயே, சி டிரைவின் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தான். லினக்ஸிலிருந்து சி டிரைவுக்குப் போகும் பாதை மெதுவானது. பொதிகளை நிறுவக் கட்டளை கொடுத்துவிட்டு எழுந்துபோய் தே தாரிக் (தேநீர்) வாங்கி வந்தோம், பாதிகூட முடியவில்லை. கோப்பைத் திருத்திச் சேமித்தாலும் பக்கம் தானாகப் புதுப்பிக்கவில்லை, ஏனென்றால் விண்டோஸ் பக்கம் நடந்த மாற்றம் லினக்ஸுக்கு எட்டவேயில்லை. திட்டத்தை ஹோம் கோப்புறைக்கு மாற்றினோம். அதே கட்டளை, தே கோப்பையைக் கீழே வைப்பதற்குள் முடிந்தது. அவன் "டபிள்யூ.எஸ்.எல். ஸ்லோ அண்ணே" என்று சொல்வதை அதோடு விட்டுவிட்டான்.

மறைந்திருக்கும் செலவு ரேமும் வட்டும். இயல்பாக இது கணினியின் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம். 8 ஜி.பி. கணினியில் அது 4 ஜி.பி., கூடவே பிரௌசரில் பத்துத் தாவல் திறந்தால் இழுக்கும். பயனர் கோப்புறையில் அமைப்புக் கோப்பு ஒன்றை எழுதி 3 ஜி.பி. என்று வரம்பு கட்டலாம், சிறு திட்டங்களுக்கு அது போதும். வட்டோ, லினக்ஸில் கோப்பை அழித்தாலும் சி டிரைவில் இடம் திரும்ப வராது. மெய்நிகர் வட்டுக் கோப்பு வளரும், தானாகச் சுருங்காது. அவ்வப்போது டபிள்யூ.எஸ்.எல்.ஐ நிறுத்திவிட்டு விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவி கொண்டு சுருக்க வேண்டும்.

இழப்பு பற்றி: அன்ரெஜிஸ்டர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்தால் பதிவை மட்டும் நீக்கும் போலத் தோன்றும். உள்ளே இருக்கும் எல்லாத் திட்டத்தையும் சேர்த்து அழித்துவிடும், "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காது. தினமும் கிட்டில் அனுப்பி வையுங்கள். எக்ஸ்போர்ட் கட்டளையால் முழு லினக்ஸையும் ஒரே கோப்பாக எடுத்து வைக்கவும் முடியும்.

## டாக்கர்: குழுவுக்கு

"என் கணினியில் ஓடுதே" என்ற பேச்சை நிறுத்துவதற்காகவே டாக்கர் இருக்கிறது. எந்தப் பதிப்பு பி.எச்.பி., எந்தப் பதிப்புத் தரவுத்தளம் என்பதெல்லாம் ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அதன்படி ஒவ்வொன்றும் கொள்கலன் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும். புதிதாகச் சேர்பவர் ஒரு கட்டளை இட்டால் எல்லோருக்கும் இருப்பது அவருக்கும் வரும். மூன்று பேருக்கு மேல் ஒரே திட்டத்தில் இருந்தால், அல்லது ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்கள் என்று நான்கைந்து சேவை சேர்ந்து ஓட வேண்டுமென்றால், இதற்கு நிகர் இல்லை.

விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப் இப்போது பொதுவாக டபிள்யூ.எஸ்.எல். மேல்தான் ஓடுகிறது. ஆகவே மேலே சொன்ன செலவெல்லாம் இதற்கும் உண்டு, கோப்புகளை லினக்ஸ் பக்கம் வைக்கும் நிபந்தனை உட்பட. 16 ஜி.பி. இல்லாமல் இதில் இறங்காதீர்கள் என்பது என் கருத்து. கொள்கலனுக்கு அச்சாக இறக்கும் இமேஜ் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்.பி. இருக்கும், ஹாட்ஸ்பாட்டில் டேட்டா கரைந்துவிடும்.

உரிமத்தையும் பாருங்கள். தனியாளுக்கும், கல்விக்கும், சிறு நிறுவனத்துக்கும் இலவசம். 250 பேருக்குக் குறையாத ஊழியர்களோ, ஆண்டுக்கு 1 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வருமானமோ உள்ள நிறுவனம் 2021இல் வந்த மாற்றத்தின்படி கட்டணம் செலுத்த வேண்டும். பெரிய நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பவர்கள் அலுவலகக் கணினியில் தாமாகப் போட்டுக்கொள்ளாமல் மேலாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். டபிள்யூ.எஸ்.எல். உள்ளே டாக்கர் எஞ்சினை மட்டும் நிறுவினால் இந்தக் கட்டணம் வராது.

தரவுத்தளத்தைக் கொள்கலனுக்கு வெளியே இருக்கும் சேமிப்பிடமான வால்யூமில் வைக்காமல் கொள்கலனுக்குள்ளேயே விட்டால், கொள்கலனை அழிக்கும் அன்று தரவும் போகும். இது புதியவர்கள் எல்லோரும் ஒரு முறை படும் அடி.

## மேகத்தில்: கிட்ஹப் கோட்ஸ்பேசஸ்

கணினி மிகப் பழையதாக இருந்தால், அல்லது கல்லூரி ஆய்வுக்கூடக் கணினியில் எதையும் நிறுவ அனுமதியில்லை என்றால் இது கைகொடுக்கும். பிரௌசருக்குள்ளேயே வி.எஸ். கோட். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர் மணி நேரம் இலவசம். இரண்டு கோர் கணினியென்றால் 60 மணி நேரம். வேலை முடிந்ததும் நிறுத்த மறந்தால் அந்த நேரம் வீணாகக் கரையும். இணையம் போனால் வேலையும் போச்சு. எல்.ஆர்.டி. ரயிலில் போகும்போது கொஞ்சம் எழுதலாம் என்பவருக்கு ஆகாது.

## ஒரே பார்வையில்

| வழி | வசதியான ரேம் | லினக்ஸ் சர்வரோடு நெருக்கம் | பிறகு தெரியும் செலவு | பொருந்துவது |
|---|---|---|---|---|
| சாம்ப், லாரகான் | 4–8 ஜி.பி. | நடுத்தரம் | தரவுத்தளம் கெடுவது, வாசல் மோதல் | வேர்ட்பிரஸ், பி.எச்.பி. தொடக்கம் |
| நேரடி நோட் | 8 ஜி.பி. | குறைவு | எழுத்து வேறுபாடு, ஒன்டிரைவ் | ரியாக்ட் கற்பவர், டாட்நெட் |
| டபிள்யூ.எஸ்.எல். | 8 (வரம்போடு), 16 | அதிகம் | வளரும் வட்டு, கட்டளை பழகும் நேரம் | லினக்ஸ் சர்வருக்கு எழுதும் எவரும் |
| டாக்கர் | 16 ஜி.பி. | மிக அதிகம் | பதிவிறக்கம், உரிமம் | குழு, பல சேவைகள் |
| கோட்ஸ்பேசஸ் | எதுவும் | அதிகம் | மாத வரம்பு, இணையம் | பழைய கணினி, ஆய்வுக்கூடம் |

ரேம் எண்கள் நான் பார்த்த கணினிகளை வைத்துச் சொல்பவை. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் போய் ரேம் கூட்டலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தங்கள் மாதிரிக்குக் கூடுதல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு ஒட்டியே வருகிறது.

இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. டபிள்யூ.எஸ்.எல். அதிலும் ஓடும். ஆனால் வாடிக்கையாளரின் கடவுச்சொற்களை வைத்திருக்கும் கணினி என்றால், 11க்கு மாறும் வழியை முதலில் பாருங்கள்.

## அந்த மாணவிக்கு

அவளுடைய திட்டம் லாராவெல் என்ற பி.எச்.பி. கட்டமைப்பில். ஏற்றப் போவது லினக்ஸ் சர்வர். தனியாள், வீட்டில் ஃபைபர் இல்லை, 8 ஜி.பி. ரேம். டாக்கர் வேண்டாம் என்று முதலிலேயே முடிவானது. சாம்பா, டபிள்யூ.எஸ்.எல்.ஆ என்பதில்தான் கொஞ்சம் யோசித்தேன். ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்திருந்தால் சாம்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்கியிருப்பேன். அவளுக்கு மூன்று மாதம் இருந்தது, வேலைக்கும் இதே துறையில்தான் போகப் போகிறாள். ஆகவே டபிள்யூ.எஸ்.எல்.

முதலில் சாம்பிலிருந்த தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்தோம். எச்.டி.டாக்ஸை அப்படியே பென்டிரைவில் போட்டோம். அதன் பிறகே நீக்கினோம்: டாக்கர், வாம்ப், சாம்ப், இரண்டு நோட். மறுதொடக்கம் செய்து உபுண்டுவை நிறுவி, ரேமுக்கு 3 ஜி.பி. வரம்பு வைத்து, பி.எச்.பி., அதன் பொதிகளை நிறுவும் கம்போசர், மரியா டி.பி. போட்டு, திட்டத்தை ஹோம் கோப்புறைக்குக் கொண்டு வந்தோம். மத்தியானம் ஆகிவிட்டது. முதல் முறை ஓட விட்டதும் பக்கம் பிழை காட்டியது: ஒரு கிளாஸ் கோப்பின் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. சர்வரில் ஏற்றிய பிறகு தெரிந்திருக்க வேண்டிய பிழை, மூன்று மாதம் முன்னதாகவே செந்தூலில் தெரிந்துவிட்டது. அவளே கிட்டின் மூவ் கட்டளையைத் தட்டிச் சரிசெய்தாள்.

பின்னாளில் ரேமை 16 ஜி.பி.க்குக் கூட்டினால் இதே டபிள்யூ.எஸ்.எல். மேல் டாக்கரைச் சேர்த்துக்கொள்ளலாம். கோப்பு எதையும் இடம் மாற்ற வேண்டியிருக்காது.